கெசட் வாலில் இருந்த சம்மாட்டி

என் மருமகள் றஹ்மா தோட்டம் செய்கிற கனமூலையில் பிறந்தவள். கத்தரியும் மிளகாயும் தெரியும், மீன் தெரியாது. என் மகன் நளீரைக் கட்டிக்கொண்டு கல்பிட்டிப் பக்கம் எங்கட கரைக்கு வந்த புதிதில், ஒரு சாளையைத் தூக்கிக் காட்டி, "மாமி, இது வளர்ந்தாச் சூரையா வருமா?" என்று கேட்டாள். கரையில் நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேறொருத்தி என்றால் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடியிருப்பாள். இவள், "சிரிச்சது போதும், இப்ப சொல்லித் தாங்க" என்று மணலில் குந்திவிட்டாள். இவள் கேட்கிற பெண், கேட்டுக் கேட்டே பிழைத்துக்கொள்வாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது.

நான் சொல்ல, றஹ்மாவின் மகள் ஹஸ்மியா எழுதுகிறாள். எழுத்து அவளுடையதாக இருக்கட்டும். கதையில் கை வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

எங்கட கரையில் கேட்கிறது அப்போது லேசான காரியம் இல்லை. சொல்கிறதைக் காதில் வாங்கலாம், திருப்பிக் கேட்கக் கூடாது. மர்ஸூக் சம்மாட்டி இருந்தார். வலையும் வள்ளமும் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிறவரை நாங்கள் சம்மாட்டி என்போம். கரைக்குக் கரை அப்படி ஒருவர் இருப்பார். ஆனால் இவர் யுத்த காலத்துச் சம்மாட்டி. அந்த நாட்களில் கடலுக்குப் போக நேவிக்காரர் தருகிற பாஸ் வேணும். ஊர் ஆண்களுடைய பாஸ் எல்லாம் இவர் கையால்தான் வரும், இவர் கைக்குத்தான் போகும். பாஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தானே அடுப்பும் இருக்கும்.

அவருடைய வாடி, அதுதான் கரையில் கிடுகால் கட்டிய அந்தப் பெரிய கொட்டில், அதன் பக்கத்தில் ஒரு தென்னங்குற்றியை நட்டு உச்சியில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். உள்ளே மேசையில் மைக்கும், கெசட், அதுதான் ஒலிநாடா, போடுகிற பெரிய மிசினும். நோன்பு மாசத்தில் அதில் கஸீதாப் பாட்டுப் போடுவார். மற்ற மாசமெல்லாம் தன்னையே போடுவார். விடியக்காலையில் ஸுபஹ் தொழுது முடிந்ததும் ஸ்பீக்கர் கரகரக்கும். "வள்ளம் இறங்கட்டும்." கொஞ்சம் நிறுத்துவார். அந்தச் சத்தம் பின்னால் தென்னந்தோட்டம் வரைக்கும் போய்த் திரும்பி வரும். வந்து சேர்ந்த பிறகு இன்னொரு தரம், "வள்ளம் இறங்கட்டும்." எதையும் இரண்டு தரம்தான் சொல்வார். யாருடைய பேரும் சொல்லமாட்டார். "பச்சைச் சாரன், கயிற்றை விடு." "நெட்டையன், வெளியே நில்." நெட்டையன் என்றது என் மகனை. அவன் ஏன் வெளியே நிற்கவேணும், எவ்வளவு நேரம் நிற்கவேணும், ஒன்றும் வராது. அந்த வாயிலிருந்து 'ஏன்', 'என்ன', 'எப்படி' என்று ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

எங்கட பள்ளிக்கூடத்தில் தவச்செல்வன் மாஸ்டர் படிப்பித்தார். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே வீடு கட்டி இருந்துவிட்டவர். அவர்தான் ஒரு நாள் வேலிக்கு மேலால் சொன்னார், "இந்த மனிசன் ஒரு சர்வாதிகாரி, உம்மா."

"அப்படியெண்டா?"

"ஆரும் அவரைக் கேள்வி கேக்க ஏலாது. அவரும் ஆரையும் ஒண்டும் கேக்கமாட்டார்."

"அதுக்கு இவ்வளவு நீட்டுப் பேரா? நாங்க சும்மா சம்மாட்டி எண்டுதான் சொல்றம்" என்றேன்.

சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசிய ஒரு நாள், நளீரின் வள்ளம் கடலடிக் கற்பாரில் அடித்துச் சிதறியது. பலகை கூட மிஞ்சவில்லை. ஹஸ்மியா அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். வள்ளத்துக்காக றஹ்மா குவைத் போனாள். ஒரு வீட்டில் சமையல். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுப் போகிறபோது அவள் அழவில்லை. பிள்ளையின் தலையை மோந்து பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. எங்கட கரையில் அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். நாங்கள் குவைத்துக்குப் பேசித்தான் அனுப்புவோம். கெசட்டில் பேசி, போகிற வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுவோம். அங்கே கேட்டுவிட்டு, அதே கெசட்டில் அவர்கள் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு மேல் நாங்கள் பேசுவோம். ஒரு கெசட் பத்துக் குடும்பத்தின் சுகதுக்கத்தைச் சுமந்திருக்கும். புதுக் கெசட் வாங்குகிறவர் பணக்காரர்.

இதில் ஒரு சங்கதி உண்டு. பழைய பேச்சுக்கு மேலே நாங்கள் பேசினால் அது அழியும். ஆனால் எங்கட பேச்சு குட்டை என்றால், பழசின் வால் மிச்சம் நிற்கும். உம்மாவின் சுகம் விசாரிப்பு முடிந்து கொஞ்சம் இரைச்சல் வரும், அதன் பிறகு யாரோ ஒருத்தி புருசனைத் திட்டிக்கொண்டிருப்பாள். குவைத்தில் எங்கட பிள்ளைகள் அந்த வாலைக் கேட்கத்தான் சண்டை பிடிப்பார்களாம்.

ஹஸ்மியாவுக்கு மூன்று வயசு நடக்கையில், சம்மாட்டியின் பெண்சாதி எனக்கு ஒரு கெசட் தந்தா. அவவின் மகள் சுலைஹாவும் புருசனோடு குவைத்தில்தான். கெசட் அங்கே போய், மேலே பதில் ஒன்றும் பேசப்படாமலே திரும்பி வந்து சும்மா கிடந்தது. "மேலால பேசிக்கோங்க ராத்தா" என்றா. பாவம், நல்ல மனுசி. அடுத்த வருசம் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டா. நான் பட்டனை அமுக்கி ஹஸ்மியாவை முன்னால் இருத்தினேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "உம்மா, கோழி முட்டை போட்டிச்சி. நான் கண்டேன். வாப்பும்மா காணல்ல." வாப்பும்மா என்றது என்னை. பிறகு அலிஃப், பே என்று அரபு எழுத்துச் சொல்லத் தொடங்கி, பாதியில் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டாள். நான் என்ன செய்ய? அவ்வளவோடு கொடுத்து அனுப்பினேன். பிள்ளையின் பேச்சு கையளவு, வால் முழத்துக்கு மேல்.

அந்த வாலில் இருந்தவர் மர்ஸூக் சம்மாட்டி.

குவைத்தில் நடந்ததை றஹ்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளோடு எமிலியா என்றொரு பிள்ளை, தலவில பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை, அதே கட்டடத்தில் வேறொரு வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் எங்கட கரைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மாடி அறையில் கூடி, கெசட்டுகளைச் சேர்ந்து கேட்பார்களாம். அன்றைக்கு ஹஸ்மியாவின் குரல் முடிந்தது. றஹ்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் வந்தது. பிறகு ஓர் ஆண் குரல். மெல்லிசான குரல். கொஞ்சம் திக்கும்.

"மகள், சாப்பிட்டியா? அங்க சோறு எப்படி? நம்மட அரிசி கிடைக்குமா? உன்ட உம்மா கேக்கச் சொன்னா. நானும்... நானும்தான் கேக்கிறேன். முல்லை பூத்திருக்கு. உனக்கு அனுப்ப ஏலாதுதானே? ஏலுமா?"

ஒவ்வொரு பேச்சும் கேள்வியில்தான் முடிந்ததாம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாராம், கெசட்டுக்குள்ளிருந்து மகள் பதில் சொல்வாள் என்கிற மாதிரி. "ஆர்ட வாப்பாவோ தெரியல்ல, தங்கமான மனிசன்" என்றாளாம் எமிலியா. அடுத்த நிமிசம் அதே கெசட்டிலிருந்து இடி விழுந்தது:

"டேய்! வள்ளத்தில இருந்து கையை எடு! கையை எடு!"

அறையிலிருந்த அத்தனை பேரும் துள்ளி எழும்பிவிட்டார்கள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டவள் ஒருத்தி. எமிலியா சாப்பிட்டுக்கொண்டிருந்த பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாளாம். கடலுக்கு அந்தப் பக்கம், குவைத்தில், நாலாம் மாடியில்! பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துவிட்டு, மூச்சு வாங்குகிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரிப்பு ஓயவில்லை, அதற்குள் அந்த மெல்லிய குரல் திரும்பி வந்துவிட்டது.

"பயந்திட்டியா மகள்? உனக்கில்ல. வெளியில பொடியன்மார். கத்தினாத்தான் கேக்கிறானுவ. மெல்லச் சொன்னாக் கேக்க மாட்டானுவளா? எனக்குத் தெரியாது. சொல்லிப் பாத்ததில்ல. தொண்டை நோகுது. உன்ட உம்மா கொத்தமல்லி அவிச்சுத் தாறா." இருமல். பிறகு, "நான் கத்திறதாலதான் நீ தூரமாப் போய்ட்டியா, மகள்?"

அதோடு வால் முடிந்தது.

அந்த ஒரு கெசட்டை மட்டும் றஹ்மா மேலே பேசித் திருப்பி அனுப்பவே இல்லை. பிள்ளையின் குரலை அழிக்க மனம் வருமா? வெள்ளிக்கு வெள்ளி போட்டுக் கேட்டாள். பிள்ளைக்குப் பின்னால் சம்மாட்டியும் வந்துகொண்டேயிருந்தார். முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. தன் வாப்பாவை நினைத்து எமிலியா அழுதாளாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ, ஒரு மனிசனுக்கு இரண்டு குரல் இருக்கிறது பெரிய புதினம் இல்லை. ஆனால் ஒரு குரலில் ஒரு கேள்வியும் இல்லை, மற்றதில் கேள்வியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் றஹ்மாவுக்குப் பிடிபட்டது.

யுத்தம் முடிந்து அடுத்த வருசம் அவள் ஊருக்கு வந்தாள். நளீருக்கு வள்ளம் ஆகியிருந்தது. ஹஸ்மியா வேலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இவங்கதானா?" என்று என்னைக் கேட்டாள். அன்று றஹ்மாவின் முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன். எழுதுகிறவளுக்கும் அது தெரியும்.

இனிப் போகமாட்டேன் என்றுதான் வந்தாள். ஆனால் வீடு ஓட இரண்டு பேரும் உழைக்கவேணும். அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. நாங்கள் கருவாட்டை மணலில் பரப்பிக் காயவிடுவோம். மணலைக் கடித்துக்கொண்டே சாப்பிடுவோம். இவள் இடுப்புயரத்துக்குத் தடி நட்டு, மேலே வலை விரித்து, அதில் நெத்தலியைக் காயப்போட்டால் மணல் ஒட்டாது, கொழும்புக் கடைக்காரர் நேரே வாங்குவார்கள் என்றாள். எமிலியாவும் திரும்பி வந்திருந்தாள், தானும் சேருவேன் என்றாள். காற்று நன்றாக வருகிற இடம் சம்மாட்டி வாடிக்கு வடக்கே ஒரு துண்டுக் கரைதான். யாருக்கும் சொந்தமில்லாத கரை. அதாவது, சம்மாட்டிக்குச் சொந்தம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த கரை.

தடி நட்ட அன்றைக்கே ஸ்பீக்கர் கரகரத்தது. "வடக்குப் பக்கம் தடி நிக்கக் கூடாது." தென்னந்தோட்டம் போய்த் திரும்பியது. "வடக்குப் பக்கம் தடி நிக்கக் கூடாது."

பாஸ் முறை போய்விட்டது. கடலுக்குப் போக இப்போது அவருடைய தயவு ஒருவருக்கும் வேணாம். ஆனால் அந்தக் குரல் வந்ததும், தடி நட உதவிக்கு வந்த ஆண்கள் பேசாமல் தடியைப் பிடுங்கத் தொடங்கினார்கள். என் மகனும் பிடுங்கினான். "நெட்டையன் எண்டு இன்னும் சொல்லவும் இல்ல, நீ ஏன்டா குனியிறாய்?" என்று கேட்டேன். "பழகிட்டு உம்மா" என்றான்.

அவளை முதலில் அனுப்பிய ஏஜன்சிக்காரன் முந்தல் டவுனிலிருந்து போன் எடுத்தான். அதே குவைத் வீட்டில் றஹ்மாவைக் கேட்கிறார்களாம், திங்கட்கிழமைக்குள் பதில் வேணுமாம். அவளுடைய பாஸ்போட்டை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். ஹஸ்மியா அதைக் கண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, உம்மாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வீடு முழுக்கத் திரிந்தாள்.

அப்போதுதான் நளீருக்குக் கெசட் நினைவு வந்தது. "றஹ்மா, உன்ட கையில ஒரு குண்டு இருக்கு! கல்பிட்டியில ஸ்பீக்கர் வாடகைக்கு விடுற கடையில இன்னும் கெசட் மிசின் இருக்காம். மீன்பிடிச் சங்கக் கூட்டத்தில போடுவம். 'தொண்டை நோகுது மகள்' எண்டு அந்தாள் அழுறதை ஊர் கேக்கட்டும். பிறகு ஆர் பயப்படுற?"

தவச்செல்வன் மாஸ்டரும், "சனத்துக்குத் தெரியத்தான் வேணும்" என்றார். நானும் போடத்தான் சொன்னேன். இன்றைக்கும் அதில் பெரிய பிழை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

றஹ்மா மாட்டேன் என்றாள். "அது அவர் மகளுக்குச் சொன்னது. ஊருக்குச் சொன்னதில்ல. அதை ஸ்பீக்கர்ல போட்டா, அவர் செய்யிறதைத்தானே நானும் செய்யிற?"

"அப்ப குவைத்துக்குப் போ" என்றான் என் மகன் கோபத்தில். சொன்ன உடனே அவனுடைய முகமே செத்துவிட்டது.

"போறதா இல்லையா எண்டு அவரையே கேட்டுப் பாக்கிறேன்" என்றாள் அவள். "இவ்வளவு காலமும் எல்லாரும் அவரை வாடியில, முப்பது பேருக்கு முன்னால, மைக் பக்கத்திலயே வச்சுக் கேட்டீங்க. அங்க அந்தக் குரல்தான் வரும். வீட்டில ஒருத்தரும் கேக்கல்லதானே?"

நான் இல்லாமல் போகக் கூடாது என்று சொல்லி நானும் கூடவே போனேன். மத்தியான லுஹர் தொழுது வந்து, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் தனியாக இருந்தார். பெண்சாதி போன வீடு. முல்லைக்கொடி மட்டும் யாரோ தண்ணீர் ஊற்றுகிற மாதிரிப் பச்சையாக இருந்தது.

எங்களைக் கண்டதும் மைக் இல்லாமலே அந்தக் குரல் வந்தது. "தடி நிக்கக் கூடாது."

இரண்டாம் தரம் சொல்வதற்குள் றஹ்மா முந்திக்கொண்டாள். "தடி விசயம் பிறகு, சம்மாட்டியார். உங்கட சாமான் ஒண்டு என்னட்ட இருக்கு. அதைத் தரத்தான் வந்தேன்."

கெசட்டைக் கதிரைக் கையில் வைத்தாள். அவர் அதைத் தொடாமல் பார்த்தார்.

"என்ன இது?"

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்த வாயிலிருந்து ஒரு கேள்வி.

"உங்கட குரல்."

"என்ட குரலைத்தான் ஊரே கேக்குதே."

"அது வேற. இது சுலைஹாட வாப்பாட குரல்."

அவர் கெசட்டைக் கையில் எடுத்தார். புரட்டினார். அதன் முதுகில் அவருடைய பெண்சாதி ஒட்டிய சிவப்புத் துணித்துண்டு இருந்தது. அடையாளத்துக்கு ஒட்டுவா, அவவுக்கும் எழுத்துத் தெரியாதே. அந்தத் துண்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆர் ஆர் கேட்ட?"

"குவைத்தில எங்கட அறையில இருந்த எல்லாரும்."

"சிரிச்சாங்களா?"

நான் அவளுடைய கையைக் கிள்ளினேன், இல்லையென்று சொல்லட்டும் என்று. அவள் பொய் சொல்லவில்லை. "முதல் நாள் சிரிச்சோம். பிறகு சிரிக்கல்ல. கடைசியா நீங்க மகள்ட ஒண்டு கேட்டிருக்கிறீங்க. அதுக்குப் பதில் என்னண்டு நான் வெள்ளிக்கு வெள்ளி யோசிச்சேன். எனக்கும் அங்க இருக்கக்குள்ள இஞ்ச ஒரு மகள் இருந்திச்சி. திரும்பி வந்தா, வேலிக்குப் பின்னால நிண்டு 'இவங்கதானா' எண்டு கேட்டிச்சி. இன்னொருக்காப் போனா, அதையும் கேக்காது. நெத்தலி காயப்போட ஒரு துண்டுக் கரை இருந்தா நான் போகத் தேவையில்ல. அவ்வளவுதான் சம்மாட்டியார். குடுங்க எண்டு நான் சொல்ல வரல்ல. தருவீங்களா எண்டு கேக்கத்தான் வந்தேன்."

அவர் கெசட்டை மடியில் வைத்துக்கொண்டார். முல்லைக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எழும்பி வந்துவிட்டோம்.

வீட்டில் நளீர் தலையில் அடித்துக்கொண்டான். "கையில இருந்ததே அது ஒண்டுதான்! அதைக் கொண்டுபோய் அந்தாள்ட கையிலேயே குடுத்திட்டு வந்திருக்கிறாளே, உம்மா! நீங்களாவது சொல்லக் கூடாதா? அதில நம்மட புள்ளட குரலும் இருக்கே, அந்த வயசுக் குரல் இனி எங்க கிடைக்கும்?"

றஹ்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "புள்ளயே வீட்டில இருக்கக்குள்ள குரல் என்னத்துக்கு?" என்றாள்.

மேசையில் பாஸ்போட் இன்னும் இருந்தது.

மறுநாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம். நான் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தேன். நளீரும் இன்னும் சில ஆண்களும் ஒரு வள்ளத்தைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் கரகரத்தது. அந்த நேரத்தில் அது ஒரு நாளும் பேசாது. பேசினால் யாருக்கோ கேடு. கரையில் எல்லாருடைய கையும் அப்படியே நின்றது.

"உம்மா, கோழி முட்டை போட்டிச்சி. நான் கண்டேன். வாப்பும்மா காணல்ல."

நான் வலையைப் போட்டுவிட்டு எழும்பினேன். தென்னந்தோட்டம் வரைக்கும் என் பேத்தியின் மூன்று வயசுக் குரல் போய்த் திரும்பி வந்தது. அலிஃப், பே. இரைச்சல். பிறகு அவர்.

"மகள், சாப்பிட்டியா? அங்க சோறு எப்படி?"

யாருடைய குரல் என்று முதலில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரிசி, முல்லை, ஏலுமா, ஏலாதா. கரை முழுக்க வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஆண்கள் மறுபடியும் வள்ளத்தில் கை வைத்து மெல்லத் தள்ளத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து வந்தது:

"டேய்! வள்ளத்தில இருந்து கையை எடு! கையை எடு!"

அத்தனை பேரும் கையை எடுத்துவிட்டார்கள்! வள்ளம் வழுக்கிக்கொண்டு கடலுக்குள் போனது. என் மகன் அதற்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் விழுந்தான். சிரிப்பு என் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மெல்லிய குரல் மறுபடி வந்துவிட்டது. தொண்டை நோகுது. கொத்தமல்லி. இருமல். கடைசிக் கேள்வி. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். அவனுடைய மகனும் வெளிநாட்டில்.

இனி ஊரில் நடக்கிற சண்டையைச் சொல்கிறேன். எங்கட கரையில் கெசட் போடுகிற மிசின் மிஞ்சியிருந்தது வாடியில்தான். மற்ற வீடுகளில் எல்லாம் சீடியும் போனும் வந்துவிட்டன. தன் குரலைத் தனியாகக் கேட்க அங்கே போயிருக்கிறார், வெளி ஸ்பீக்கர் வேலை செய்கிறது என்பதை மறந்துவிட்டார் என்று மாஸ்டர் சொல்கிறார். நளீரும் அப்படித்தான் சொல்கிறான். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பிள்ளை 'கோழி' என்றதுமே வெளியில் கேட்கிறது அவருக்குக் கேட்டிருக்கும். கையெட்டும் தூரத்தில் சத்தத்தைக் குறைக்கிற திருகு. இத்தனை வருசம் அதைத் திருகினவர். நிறுத்தவேணும் என்றால் நிறுத்தியிருப்பார். அந்த மனிசன் தெரிந்துதான் விட்டார். யார் என்ன சொன்னாலும் என் பேச்சு அதுதான். ஹஸ்மியா, சிரிக்காமல் எழுது.

அடுத்த நாள் ஸுபஹுக்குப் பிறகு ஸ்பீக்கர் கரகரத்தது. "வள்ளம் இறங்கட்டும்." தென்னந்தோட்டம் போய்த் திரும்பியது. இரண்டாம் தரம் வரவில்லை. இருமினார். "காத்து கொஞ்சம் இருக்கு. நீங்க... என்ன நினைக்கிறீங்க?"

கரையில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்பீக்கருக்கு எப்படிப் பதில் சொல்கிறது? முழிசிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நளீர்தான் வாயில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, தென்னங்குற்றியைப் பார்த்துக் கத்தினான்: "இறங்கலாம், சம்மாட்டியார்!"

கரகரத்துவிட்டு, "சரி" என்றது ஸ்பீக்கர்.

அன்று காலையில் அவர் மைக்கை விட்டுவிட்டு மணலில் நடந்து எங்கட வேலிக்கு வந்தார். வேலிக்கு வெளியே நின்று றஹ்மாவைக் கூப்பிட்டார். "புள்ள, அந்த வடக்குத் துண்டு போதுமா? என்ட எஞ்சின் கொட்டில் பக்கம் வராமல் நடு. மீன் நாத்தம் எண்ணெயில ஏறும்." கடைசிச் சொல்லைக் கொஞ்சம் உரக்கத்தான் சொன்னார். முழுக்க மாறிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் வலை சிக்கினால் அந்தப் பழைய இடி விழும், ஆண்கள் கையை எடுப்பார்கள். ஆனால் இப்போது எடுத்துவிட்டு, "என்னத்துக்கு?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவரும் என்னத்துக்கு என்று சொல்கிறார்.

ஏஜன்சிக்காரனுக்கு றஹ்மா தானே போன் எடுத்துச் சொன்னாள். பாஸ்போட்டை அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தது ஹஸ்மியா. வைத்துவிட்டு, மேலே என்னுடைய பெருநாள் சாரியையும் போட்டு மூடினாள். அன்று பிற்பகல் எமிலியாவும் றஹ்மாவும் தடி நட்டார்கள். நளீர் ஆழமாகக் குழி தோண்டினான், இனி யாரும் லேசில் பிடுங்க முடியாதபடி. இப்போது எங்கட நெத்தலி கொழும்பில் விற்கிறது. கடித்தால் மணல் இருக்காது. மீன் தெரியாத கனமூலைப் பெண்ணிடம் இன்றைக்குக் கரைப் பெண்கள் வந்து கேட்டுப் படிக்கிறார்கள். அவளும் சிரித்துவிட்டுத்தான் சொல்லிக் கொடுக்கிறாள், பழைய கணக்கைத் தீர்க்கிறாள்.

சுலைஹா அடுத்து வந்த நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளைகளோடு வந்திருந்தாள். வாப்பாவும் மகளும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் கதைத்தார்கள், வெளியே கேட்கவில்லை.

கெசட் அவரிடம்தான் இருக்கிறது. இன்னமும் சில நாட்களில், மனசு நல்லா இருந்தால், அஸருக்குப் பிறகு கோழிக் கதையை மட்டும் போடுவார். பெரிய பெண்ணாகிவிட்ட ஹஸ்மியாவுக்கு வெட்கம் தாங்காது. புத்தகத்தைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடி, தென்னங்குற்றியைப் பார்த்துக் கத்துவாள்: "சம்மாட்டியார், நிப்பாட்டுங்க!"

ஸ்பீக்கர் கரகரக்கும்.

"இன்னொருக்காப் போடட்டா, மகள்?"